மார்ட்கேஜுக்குள்ள ஒரு சாவு இருக்கு!

(காட்சி: சேலம் அம்மாபேட்டை. சுவரில் 'வீடு போக்கியத்துக்கு' போஸ்டர்.)

வணக்கம் மக்களே! ஹவுஸ் லோன் வாங்கினவங்க கொஞ்சம் தைரியமா உட்காருங்க. மார்ட்கேஜ்ங்கிற வார்த்தையில முன்பாதி பழைய பிரெஞ்சு: செத்தது. பின்பாதி 'கேஜ்': அடகு. ஆக, செத்த அடகு! எங்கேஜ்மென்ட்ல இருக்கிறதும் இதே கேஜ்தான். மாப்பிள்ளைங்க பயப்பட வேண்டாம்.

1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் பிடிச்சாங்க, பிரெஞ்சு மொழி அந்த ஊர் கோர்ட்டுக்குள்ள வந்துச்சு. வரலாறு போதும்.

எது செத்துச்சு? 15ஆம் நூற்றாண்டு நீதிபதி லிட்டில்டன் சொல்றார்: கடனைக் கட்டலைன்னா நிலம் உங்களுக்குச் செத்துச்சு. கட்டிட்டா, கடன் கொடுத்தவருக்கு அடகு செத்துச்சு. சாமர்த்தியமான பதில்தான். ஆனா எனக்குப் பிடிச்சது 12ஆம் நூற்றாண்டு விளக்கம். கிளான்வில் பேர்ல வழங்குற சட்ட நூல்ல இருக்கு.

ஏற்காட்டுல ஒரு காபித் தோட்டத்தை அடகு வைக்கிறீங்க. தோட்டம் கடன் கொடுத்தவர் கையில. காபி, மிளகு எல்லாம் அவரே பறிச்சுக்குறார். அந்த வருமானத்தை அசல்ல கழிச்சா நியாயமான அடகு. கழிக்காம அனுபவிச்சா, அதுதான் செத்த அடகு!

இப்போ அந்தப் போஸ்டரைப் பாருங்க. வீட்டுக்காரருக்கு அஞ்சு லட்சம் கடனாக் குடுத்துட்டுக் குடியேறுறீங்க. வாடகை இல்லை, வட்டி இல்லை. காலி பண்ணும்போது அதே அஞ்சு லட்சம் முழுசா கைக்கு வரும். அசல்ல ஒரு ரூபாய் குறையலை! லண்டன் மறந்துபோன அசல் மார்ட்கேஜ் நம்ம அம்மாபேட்டைச் சுவத்துல தொங்குதுங்க. மாசாமாசம் இஎம்ஐல அசலும் கரையுற பேங்க் லோன் எல்லாம் அந்தக் கணக்குல செத்த அடகே இல்லை.

இன்னொரு கூத்து. இந்தச் செத்த அடகு அநியாயம், பாவம்னு கிளான்வில் நூல் திட்டுது. ஆனா ராஜா கோர்ட் தடுக்காதாம். அடகைப் பிடிச்சு வச்சிருக்கும்போதே கடன் கொடுத்தவர் செத்துட்டா, வட்டிக்காரன் கணக்குல சேர்த்து அவர் பொருளை ராஜா எடுத்துக்குவார். ஆள் போற வரைக்கும் காத்திருந்து வசூல் பண்ணியிருக்காங்க!

நம்ம நாட்டுல அந்த வில்லங்கம் இல்லை. 1882 சொத்து மாற்றுச் சட்டம், 58வது பிரிவு, போக்கியத்தைச் சுவாதீன அடமானம்னு ஏத்துக்குது. ஆனா அடமானப் பத்திரம்னா ரெண்டு சாட்சி வச்சு ரிஜிஸ்டர் பண்ணணும். இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரை நம்பி அஞ்சு லட்சத்தைத் தூக்கிக் குடுத்துடாதீங்க.

உங்க ஊர்ல இதுக்குப் பேர் ஒத்தியா, போக்கியமா? கமெண்ட்ல சொல்லுங்க.