உக்கிராணச் சாவியும் ஒரு பதக்கமும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் மேஜைமேல் ஒரு ஷீல்டு இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் ‘சிறந்த ஆய்வுக் கட்டுரை’ என்று கொடுத்தது. பித்தளைத் தகட்டில் என் இனிஷியல் தப்பு. ஒரு மூலை பெயர்ந்துபோய், பெவிகால் போட்டு ஒட்டியிருக்கிறேன். அந்தக் கட்டுரையை அதற்கப்புறம் யாரும் எதற்கும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. நானே பயன்படுத்தவில்லை! விருதுகளைப் பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தபோது முதலில் ஞாபகத்துக்கு வந்தது இந்த ஷீல்டுதான்.

நான் பாடம் நடத்தும் துறைக்கு சைபர்-பிசிகல் சிஸ்டம்ஸ் என்று பெயர். 2006 வாக்கில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையில் இருந்த ஹெலன் கில் வைத்த பெயர் அது. வேலை அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துகொண்டிருந்தது. கணினி கணக்குப் போட்டு முடித்ததும் நிஜ உலகில் ஏதோ ஒன்று அசைய வேண்டும். கார் பிரேக் பிடிக்க வேண்டும், நெஞ்சுக்குள் வைத்த பேஸ்மேக்கர் ஒரு துடிப்பைக் கொடுக்க வேண்டும். அதுவும் சொன்ன நேரத்துக்குள். இதில் ஒரு சங்கடம் உண்டு. வேலை சரியாக நடந்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. கார் நின்றது, அவ்வளவுதான். யார் எழுந்து கைதட்டப் போகிறார்கள்?

ஒரு தடவை தட்டினார்கள். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போவோம். உக்கிராண அறைக்கு ஒரே சாவி. சர்க்கரை எடுக்கப் போன பையன் கையில் அது இருக்கிறது. தலைமைச் சமையல்காரருக்கு அவசரமாக நெய் வேண்டும், பந்தி போடப் போகிறார்கள். பையன் இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுவான் என்று காத்திருக்கிறார். அதற்குள் பெண்ணின் சித்தப்பா பையனைப் பிடித்து, “டேய், மாலை வந்துடுச்சா பாரு, அப்படியே வாசல்ல நாலு நாற்காலி போடு” என்று விரட்டுகிறார். பையனைவிட அவர் பெரியவர், மறுக்க முடியாது. சமையல்காரரோ சித்தப்பாவைவிட முக்கியமானவர், குறைந்தபட்சம் அந்த அரைமணி நேரத்துக்கு. ஆனாலும் அவர் கைகட்டி நிற்கிறார், நாற்காலிக்காகப் பந்தி நிற்கிறது.

கணினிக்குள்ளும் இதே குளறுபடி நடக்கும். பல வேலைகளுக்குப் பொதுவான ஒன்றை ஒரு சமயத்தில் ஒரு வேலைதான் எடுத்தாள முடியும்; அந்த அனுமதிதான் சாவி. முன்னுரிமை தலைகீழாவது என்போம். இதற்கு முறையான தீர்வைக் கணக்கோடு எழுதியவர்கள் மூன்று பேர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாட்ஸ்கி. கட்டுரை வெளிவந்தது 1990 செப்டம்பரில். லெஹாட்ஸ்கி புள்ளியியல் பேராசிரியர். ராஜ்குமார் 1984இல் நம் மதராஸ் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்து, பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அவர்கள் சொன்ன தீர்வு இதுதான்: சாவி கையில் இருக்கும்வரை பையனுக்கும் சமையல்காரரின் அந்தஸ்து. சித்தப்பா கூப்பிட்டாலும் போக வேண்டியதில்லை. சாவியைக் கொடுத்ததும் அவன் மறுபடி பையன்தான்.

1997 ஜூலை 4. நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. படங்கள் வந்தன, உலகமே பார்த்தது. சில நாளில் விண்கலத்தின் கணினி தானாகவே ரீசெட் ஆகத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு மிச்சமிருந்த வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போயிற்று. கலிபோர்னியாவில் அதே மாதிரி இன்னொரு கலத்தை வைத்துக்கொண்டு பொறியாளர்கள் மணிக்கணக்காகத் தேடினார்கள். கடைசியில் அகப்பட்டது: வானிலைத் தகவலைச் சேகரிக்கும் சின்ன வேலை சாவியை வைத்திருந்தது. இடையில் வேறு வேலைகள் புகுந்தன. கலத்தின் தகவல் பாதையை நிர்வகிக்கும் முக்கியமான வேலை காத்திருந்து, நேரம் தவறியது. ‘இது சரியில்லை’ என்று கண்காணிப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் அணைத்துப் போட்டது. ராஜ்குமார் குழுவினர் சொன்ன ஏற்பாடு கலத்தின் கணினியை இயக்கிய மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்த இடத்தில் அதை ‘ஆன்’ செய்யவில்லை! பூமியிலிருந்து ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினார்கள். ரீசெட் நின்றது.

அந்த ஆண்டு டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நிகழ்நேர அமைப்புகள், அதாவது சொன்ன நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டிய கணினிகள், பற்றிய மாநாடு. அந்த மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்தின் டேவிட் வில்னர் இந்தக் கதையை மேடையில் சொன்னார். கட்டுரை எழுதிய மூன்று பேரும் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு முடிந்ததும் அவர்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அரங்கம் ஆரவாரம் செய்தது. பொன்னாடை இல்லை, ஷீல்டு இல்லை, அழைப்பிதழில் பெயர்கூட இல்லை. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் ஆகப் பெரிய விருது அதுதான்.

முறையான விருது பிறகு வந்தது. ஐ டிரிப்பிள் ஈ என்ற பொறியாளர் சங்கம் அமைப்புப் பொறியியலுக்குத் தரும் சைமன் ராமோ பதக்கம், 2016இல், மூவருக்கும் சேர்த்து. கட்டுரை வந்து 26 வருஷம் ஆகியிருந்தது. பதக்கத்துக்குப் பெயர் தந்த ராமோ, அட்லஸ் ஏவுகணைத் திட்டத்தின் மூளையாக இருந்தவர், அதே ஆண்டு ஜூனில் 103 வயதில் காலமானார்.

கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருதும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறது. கருவி தவறு செய்யாது என்று முன்கூட்டியே சோதித்து நிரூபிக்கும் முறைக்காக 2007இல் எட்மண்ட் கிளார்க், ஆலன் எமர்சன், ஜோசப் சிஃபாகிஸ் மூவருக்கும் கொடுத்தார்கள். அவர்களும் அந்த வேலையை ஆரம்பித்தது 1980களின் தொடக்கத்தில்தான். பத்து, இருபது வருஷம் கழித்து ‘இது நிலைத்ததா’ என்று பார்த்துக் கொடுக்கும் விருதுகளை இப்போது பல மாநாடுகளும் வைத்திருக்கின்றன. அன்றைக்கே, பந்தி முடிவதற்குள், கொடுக்கும் ஷீல்டைவிட எனக்கு இவற்றில்தான் நம்பிக்கை. காரணம் மேஜைமேல் இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் என் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டுகிறேன். உள்ளங்கை அளவுப் பலகை, அதில் ஒரு சிவப்பு விளக்கு, மூன்று சின்ன வேலைகள். சாவிக்குச் செமஃபோர் என்ற சாதாரணப் பூட்டைப் போட்டால் விளக்கு மினுக்குவதை நிறுத்திவிடும். அதை எடுத்துவிட்டு, அந்த மூவரின் முறை உள்ளே இருக்கும் மியூடெக்ஸ் என்ற இன்னொரு பூட்டைப் போடச் சொல்வேன். ஒரே ஒரு வரிதான். விளக்கு மறுபடி மினுக்கும். பிள்ளைகள் ஒரு கணம் பார்ப்பார்கள். “சரி சார், அடுத்தது?” என்பார்கள்.