இறக்கி ஏற்றிய ஊர்

அமெரிக்காவில் யூட்டா பகுதியில், கரடி ஆற்றங்கரையில் கொரின் என்று ஓர் ஊர். 1869 மார்ச்சில் அங்கே மனை பிரித்து விற்றார்கள். அப்போது தண்டவாளம் இன்னும் வந்து சேரவில்லை. ரயில் வருகிறது என்ற பேச்சை நம்பியே ஜனங்கள் பணம் கட்டினார்கள். கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் மே 10 அன்று பக்கத்திலேயே, புரோமன்டரி என்ற மேட்டில் சந்தித்தன.

தண்டவாளம் போடும் கூலிகளோடு முளைத்த கூடார ஊர்கள் அந்தப் பாதை நெடுக உண்டு. வேலை நகர்ந்ததும் பலவும் கலைந்தன. கொரின் மட்டும் எப்படி நின்றது என்று கேளுங்கள். வடக்கே நானூறு மைலுக்கு அப்பால் மொன்டானாவில் தங்கச் சுரங்கங்கள். அங்கே ரயில் கிடையாது. மாவு, சாராயம், இயந்திரம் எல்லாம் கொரினில் இறங்கி மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை வண்டியிலும் ஏறிப் போகும். போய்ச் சேர வாரக்கணக்காகும். பனிக்காலத்தில் வழி அடைத்துவிடும். சரக்கு கிடங்கிலேயே தூங்கும். ஆக, கமிஷன் மண்டியும் வண்டிப்பேட்டையும் கொழுத்தன, சாராயக்கடையைச் சொல்லவே வேண்டாம்!

சுற்றிலும் மோர்மன் சமயத்தார். கொரின்காரர்கள் அந்தச் சமயத்தைச் சேராத வேற்றாட்கள். தங்கள் ஊரே யூட்டாவின் தலைநகராகும் என்று நினைத்தார்கள். 1871-இல் பக்கத்திலிருந்த பெரிய உப்பேரியில் நீராவிக் கப்பல்கூட விட்டார்கள், ஊர்ப் பெயரிலேயே. சரக்கு வேலை நீடிக்காமல் அது உல்லாசப் படகாயிற்று. எனக்கு இந்தக் கப்பல் மேல் ஒரு தனிப் பிரியம். ஆசைக்கு அளவே இல்லை பாருங்கள்.

மோர்மன் தலைவர் பிரிகாம் யங் சும்மா இருக்கவில்லை. இரண்டு ரயில் கம்பெனிகளும் சந்திக்கும் சந்திப்பு ஒக்டன் என்ற இன்னொரு ஊரில் அமையட்டும் என்று அங்கே நிலத்தை இனாமாகக் கொடுத்தார். அவர் மகன் ஜான் யங் தலைமையில் 1871-இல் வடக்கு நோக்கி ஒரு குறுகிய ரயில் பாதை கிளம்பியது. அகலம் மூன்றே அடி. காசு இல்லாத விவசாயிகள் மண் வெட்டிப் போட்டுவிட்டுக் கூலிக்குப் பதில் பங்குப் பத்திரம் வாங்கிக்கொண்டார்கள். 1874-இல் ஐடஹோ எல்லை வரை வந்து பணமின்றி நின்றது. மொன்டானா சரக்கு பறிபோகுமோ என்ற பயம் நீங்கி, கொரின் மூச்சு விட்டது.

ஆனால் பெருமுதலாளி ஜே கூல்ட் அந்தப் பாதையைக் கையில் எடுத்து மேலே தள்ளினார். 1878-இல் வண்டிக்காரர்கள் பாதையின் புதிய முனைக்கே பேட்டையை மாற்றிக்கொண்டார்கள். சரக்கை இறக்கி ஏற்றும் இடம் நகர்ந்தது. கூலி கிடைத்த இடத்துக்கு ஆள் போனான். கொரினை ஒருவரும் இடிக்கவில்லை, எரிக்கவில்லை. காலியான மனைகளை வாங்கிப் பயிர் வைத்தவர்கள் யார் தெரியுமா? மோர்மன் விவசாயிகள்தான்!

1904-இல் ஏரியைக் குறுக்கே கடக்கும் பாதை திறந்ததும் பெரிய ரயில்களும் கொரினை விட்டு விலகின. 1942-இல் போருக்கு இரும்பு வேண்டியிருந்ததால் அந்தப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். புரோமன்டரியில், முன்பு இரண்டு பாதைகளும் சேர்ந்தபோது விழா எடுத்துப் பொன்னாணி அடித்த அதே இடத்தில், ஆணி பிடுங்குவதற்கும் ஒரு விழா எடுத்தார்கள்.