பறக்கற பருந்து உங்க படத்துல ஏன் மங்குது? ஒரு சென்டிமீட்டர் கணக்கும் என் பாட்டியோட உளியும்

[திரையில்: மங்கலா விழுந்த ஒரு பருந்து படம்]

ஒரு விநாடிய ஆயிரம் துண்டா வெட்டுங்க. அதுல ஒரே ஒரு துண்டு நேரம். அதுக்குள்ள ஒரு பருந்து எவ்ளோ தூரம் பறந்திருக்கும்? மனசுல ஒரு நம்பர் வச்சிக்குங்க, முடிஞ்சா கீழ கமெண்ட்ல போட்டுட்டு வாங்க, பதில் இதோ வருது, அந்தப் பதில் தெரிஞ்சப்புறம் உங்க கேமராவ நீங்க பிடிக்கற விதமே மாறிடும்.

வணக்கம் மக்களே! மலேசியாவுல, சிலாங்கூர்ல இருக்கற பெஸ்தாரி ஜெயாவுல இருந்து பேசறேன், நம்ம ஆளுங்க வாயில இன்னும் பழைய பேரு பத்தாங் பெர்ஜுந்தைதான். எனக்குப் பின்னால தெரியறது செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கற பனை, மறுநடவுக்காக பழைய மரத்தெல்லாம் சாய்ச்சி கன்னு வச்சிருக்காங்க, அதனால எலி நிறைய, எலி நிறையன்னா பருந்து நிறைய. கோலசிலாங்கூர் இங்கருந்து பக்கம்தான், ஆத்தோரம் போனா செம்பருந்து, நம்ம கருடன், கூட்டமா சுத்தும். படம் எடுக்க நினைக்கறவங்களுக்கு நம்ம ஊர் ஒரு வரம், நிஜமா சொல்றேன்.

கேமரா எது? எதுவா இருந்தாலும் பரவால்ல, 300 மில்லிமீட்டருக்கு மேல ஒரு லென்ஸ் இருந்தா ஆரம்பிக்கலாம், பழசு வாங்கினாலும் போதும். இதோட இந்தப் பேச்ச முடிச்சிடறேன், ஏன்னா எல்லா வீடியோவும் இதுலயே 10 நிமிஷம் ஓடுது.

இப்ப கணக்கு. ஒரு பருந்து மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல உங்க முன்னால குறுக்க போகுதுன்னு வச்சிக்குவோம், லயத்து ரோட்ல மோட்டர்சைக்கிள்ல சாவகாசமா போற வேகம்தான். 36 கிலோமீட்டர்னா விநாடிக்கு 10 மீட்டர். அப்போ கேமரா ஷட்டர் திறந்திருக்கற ஆயிரத்துல ஒரு விநாடிக்கு? ஒரு சென்டிமீட்டர்!

இவ்ளோதானான்னு தோணுதா? இங்கதான் விஷயமே இருக்கு. உங்க கேமரா 24 மெகாபிக்சல்னா படம் குறுக்க 6000 புள்ளி, அதாவது பிக்சல். 50 சென்டிமீட்டர் நீளப் பருந்து அதுல மூணுல ஒரு பங்கு இடத்த பிடிச்சா 2000 புள்ளி. அப்ப ஒரு சென்டிமீட்டர்னா 40 புள்ளி. பருந்தோட கண்ணு 40 புள்ளி தூரத்துக்கு இழுபட்டிருக்கும், மருதாணி காயறதுக்கு முன்ன கைய துடைச்ச மாதிரி. சரி, ஷட்டர் ஸ்பீட ஏத்திடுவோம், அதாவது ஷட்டர் திறந்திருக்கற நேரத்த குறைப்போம், 1/3200 விநாடி வைப்போம். அப்பவும் 3 மில்லிமீட்டர் நகருது, 12 புள்ளி இழுக்குது. 1/3200லயும் படம் கூர்மையா வராது மக்களே! இத நான் முதல் தடவ பேப்பர்ல போட்டுப் பார்த்தப்போ ராத்திரி தூக்கமே வரல, ஏன்னா அதுவரைக்கும் ஸ்பீட ஏத்தினா எல்லாம் சரியாயிடும்னுதான் எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க.

அப்ப வழி என்ன? பருந்தோடயே கேமராவும் போகணும். அது போற வேகத்துல பத்துல ஒம்போது பங்க நீங்க பிடிச்சிட்டாலே, 1/2000ல 20 புள்ளி இழுக்க வேண்டியது 2 புள்ளிதான் இழுக்கும். 2 புள்ளிய உங்க கண்ணு கண்டுபிடிக்காது. இதத்தான் பேனிங்னு சொல்றாங்க.

[திரையில்: பால்மரத்துப் பட்டையில சாய்வா ஓடற வெட்டு]

பேனிங்க எனக்கு சொல்லிக்குடுத்தது என் பாட்டி. அவங்க கேமரா தொட்டதே இல்ல, பால்மரம், அதாவது ரப்பர் மரம் சீவினவங்க. விடிகாலை இருட்டுலயே பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கற இடத்துக்குப் போயி பேர் குடுத்துட்டு, தலையில லைட்ட கட்டிக்கிட்டு மரத்துக்கு மரம் ஓடுவாங்க. பள்ளி லீவுல நானும் பால் வடியற மங்கு துடைக்கப் போவேன். அப்ப ஒண்ணு கவனிச்சிருக்கேன், பாட்டி உளிய பிடிச்சா முழங்கை ரெண்டும் விலாவோட ஒட்டி இருக்கும், மணிக்கட்டு அசையவே அசையாது, அசையறது காலும் இடுப்பும்தான், மரத்த சுத்தி அப்படியே வழுக்கிக்கிட்டு போற மாதிரி போவாங்க, பட்டை ஒரே தடிப்புல சுருண்டு சுருண்டு விழும். கைய ஆட்டி சீவினா ஆழம் ஏறி இறங்கும், உளி மரத்துல பட்டு காயம் ஆயிடும், அந்த இடத்துல பட்டை திரும்ப ஒழுங்கா வளராது, அப்புறம் வேலைய மேற்பார்க்கற தண்டலுகிட்ட ஏச்சுதான். "கை சும்மா இருக்கணுண்டா, உடம்பு சீவணும்"னு பாட்டி சொல்லுவாங்க. இந்த ஒரு வார்த்தைய நான் எந்த கேமரா புத்தகத்துலயும் இவ்ளோ தெளிவா படிச்சதில்ல.

அத அப்படியே கேமராவுக்கு எடுத்துட்டு வாங்க. இடது கை லென்ஸுக்கு அடியில, முழங்கை ரெண்டும் விலாவுல. கால எங்க வைக்கணும்னுதான் பல பேருக்குத் தெரியறதில்ல. பருந்து எந்த இடத்துக்கு வர்றப்போ படம் வேணுமோ, அந்த இடத்த பார்த்து கால வையுங்க. அப்புறம் இடுப்புக்கு மேல மட்டும் திருப்பி பருந்து வர்ற பக்கம் போங்க. பருந்து வர வர உடம்பு முறுக்கு பிரியும், சரியா நீங்க கிளிக் பண்ற நேரத்துல உடம்பு நேரா, நிதானமா இருக்கும். பாதிப் பேர் இத தலகீழா செய்றாங்க, பருந்து வர்ற பக்கம் கால வச்சிட்டு, படம் எடுக்கற நேரத்துல உடம்பு முறுக்கிக்கிட்டு தள்ளாடறாங்க. கிளிக் பண்ணதும் நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்ச தூரம் கூடவே போங்க. பூப்பந்து ஆடறவங்களுக்கு இது சொல்லவே வேணாம், பூப்பந்த அடிச்சதும் ராக்கெட்ட அந்தரத்துல நிறுத்தறீங்களா என்ன?

சரி, உடம்ப பேனிங் பார்த்துக்கிச்சு. ரெக்க? ரெக்க நுனி மேலயும் கீழயும் தனியா போகுது, அத உங்க இடுப்பால துரத்த முடியாது, அதுக்குத்தான் ஷட்டர் ஸ்பீட். பெரிய பருந்து, கொக்குக்கு 1/1600, 1/2000. தகைவிலான், பஞ்சுருட்டான் மாதிரி சின்னதுக்கு 1/3200க்கு மேல. 1882லயே பிரான்ஸ்ல எத்தியேன் ஜூல் மாரேன்னு ஒரு விஞ்ஞானி துப்பாக்கி மாதிரியே ஒரு கேமரா செஞ்சாரு, தோள்ல வச்சு குறி பார்த்தா விநாடிக்கு 12 படம், ஒவ்வொண்ணும் 1/720 விநாடி! பறவை எப்படி ரெக்க அடிக்குதுன்னு பார்க்கறதுக்காகவே செஞ்சது. 140 வருஷத்துக்கு முன்ன ஒரு மனுஷன் அவ்ளோ தூரம் போயிருக்காரு, எனக்கு அவர நெனச்சா ஒரு மரியாதை.

ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன், அத பத்தி ஒரே வரி: 1600, 3200 போக பயப்படாதீங்க, புள்ளி புள்ளியா வந்தா அப்புறம் கம்ப்யூட்டர்ல துடைக்கலாம், மங்கின கண்ண துடைக்க முடியாது.

ஃபோகஸ். நகர்ற பறவைய விடாம ஃபோகஸ் பண்ற மோட வையுங்க, நிகான், சோனின்னா ஏஎஃப்-சி, கேனான்னா சர்வோ. சின்னப் பறவைக்கு நடுவுல ஒரே ஃபோகஸ் புள்ளிய வச்சிக்கிட்டு போராடாதீங்க, ஒரு சின்ன கூட்டமா புள்ளி எடுக்கற ஸோன் வையுங்க. செம்பனை மட்டைக்கு முன்னால பருந்து போனா கேமரா மட்டையத்தான் பிடிக்கும், அதனால வானத்துல இருக்கும்போதே பிடிச்சிடுங்க. லென்ஸ்ல ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இருந்தா தூரத்துக்கு மட்டும்னு மாத்திடுங்க, தேடற நேரம் குறையும். புது மிரர்லெஸ் வச்சிருக்கவங்களுக்கு, சோனி ஆல்ஃபா 1, கேனான் ஆர்5 மாதிரி, பறவை கண்ண அதுவே தேடிப் பிடிச்சிக்கும், நல்லது, ஆனா உடம்பு சீவணும், அத கேமரா செய்யாது. இன்னொண்ணு, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் பல கேமராவுல மேலருந்து கீழ வரி வரியா படிக்கும், படிச்சு முடிக்கறதுக்குள்ள ரெக்க நகர்ந்திடும், ரெக்க வாழைமட்டை மாதிரி வளைஞ்சு விழும். அப்படி வந்தா மெக்கானிக்கலுக்கு மாறிடுங்க.

வானம் நம்ம ஊர்ல பெரும்பாலும் வெள்ளை. கேமரா அத பார்த்து ஏமாந்து பருந்த கரிக்கட்டை ஆக்கிடும். படத்தோட வெளிச்சத்த கூட்டிக் குறைக்கற எக்ஸ்போஷர் காம்பென்சேஷன பிளஸ் 1 வையுங்க. இருட்டுச் செம்பனைக்கு முன்னால வெள்ளைக் கொக்குன்னா மைனஸ். அவ்ளோதான்.

[திரையில்: மறுநடவு நிலத்துல ஒரு கம்பம், மேல கருந்தோள் பருந்து]

இப்ப என்னோட செல்லம். கருந்தோள் பருந்து. காக்கா அளவுக்கும் கொஞ்சம் சின்னது, சாம்பல், வெள்ளை, தோள்ல கருப்பு, கண்ணு மட்டும் ரத்தச் சிவப்பு. எலி தேடறப்போ இது ஆகாசத்துல ஒரே இடத்துல நின்னு ரெக்க அடிக்கும். உடம்பு ஆடும், ரெக்க அடிக்கும், தலை மட்டும் ஆணி அடிச்ச மாதிரி! பறக்கற பறவைய எடுத்துப் பழக இதவிட நல்ல வாத்தியார் கிடைக்காது. நிக்கும்போது காத்த எதிர்த்துதான் நிக்கும். அதனால கோயில் கொடிய பாருங்க, செம்பனை மட்டை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க, காத்தும் வெயிலும் ரெண்டும் உங்க முதுகுல படற மாதிரி நில்லுங்க, பருந்து உங்கள பார்த்தே நிக்கும், கண்ணுல வெளிச்சம் விழும். கம்பத்துல உட்கார்ந்திருந்தா எப்ப கிளம்பும்னு எப்படித் தெரியும்? பருந்து பல சமயம் பறக்கறதுக்கு முன்ன வால தூக்கி எச்சம் போடும், பாரத்த இறக்கி வச்சிட்டு கிளம்பறாரு! அத பார்த்ததும் விரல் பட்டன்ல இருக்கணும், அப்புறம் குனிஞ்சி முன்னால சாயும், அவ்ளோதான், போச்சு.

கடைசியா, எனக்குப் பணம் விரயமான கதை. என் படமெல்லாம் மங்குதுன்னு ஒரு கேமரா கடையில காட்டினேன், "லென்ஸ் பத்தாது அண்ணே, பெருசு வாங்குங்க"ன்னாங்க. பல ஆயிரம் வெள்ளி சேர்த்து வாங்கினேன். அதே மங்கல். அப்புறம் ஒரு நாள் படத்தோட நேரத்த வரிசையா பார்த்தேன், காலைல 8 மணி படமெல்லாம் கூர்மை, 11 மணி படமெல்லாம் மங்கல். லென்ஸ் இல்ல, காத்து! மறுநடவு நிலம் மொட்டை மண்ணு, வெயில் ஏறினா மண்ணு கொதிச்சி மேல காத்து நெளியும், தார் ரோட்ல தூரத்துல தண்ணி மாதிரி தெரியுமே அதேதான். அந்த நெளிவு வழியா பார்த்தா எந்த லென்ஸும் கூர்மையா காட்டாது, தூரம் கூடக் கூட இன்னும் மோசம். அதனால காலைல ஏழேகால்ல இருந்து ஒம்போதரை, சாயங்காலம் ஐந்தரைக்கு மேல. நடுவுல போயி பசியாறிட்டு தூங்குங்க. எனக்கு இத யாராவது முன்னமே சொல்லியிருந்தா அந்தப் பணம் கையில இருந்திருக்கும், அதனாலதான் இத உங்ககிட்ட கெஞ்சாத குறையா சொல்றேன். புது லென்ஸ் வாங்கறதுக்கு முன்ன நேரத்த பாருங்க.

ஏர்கான் போட்ட காடியில, கார்ல இருந்து கேமராவ எடுத்ததும் கண்ணாடி பூத்துப் போகும், 20 நிமிஷம் முன்னாடியே ஏர்கான அடைச்சிடுங்க.

தோட்டத்துக்குள்ள போறதுக்கு முன்ன ஆபீஸ்ல கணக்கு பார்க்கற கிராணியார்கிட்டயோ காவல் இருக்கற ஜாகாகிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க. எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி வச்சிருப்பாங்க, அந்தப் பெட்டிகிட்ட போகாதீங்க, ஃபிளாஷ் வேணாம். கோழித்தோல போட்டு பருந்த வரவழைச்சு எடுக்கறதும் எனக்குப் பிடிக்கல, எலி பிடிக்கற பருந்த எலி பிடிக்க விடுங்க.

முதல்ல ஒரு வாரம் கேமரா இல்லாம ஒரே கம்பத்த பாருங்க. அப்புறம் எடுத்த படத்த போடுங்க, கூடவே ஷட்டர் ஸ்பீடும் எடுத்த நேரமும் எழுதுங்க, மங்கின படமா இருந்தாலும் பரவால்ல, எதனால மங்குச்சுன்னு சேர்ந்து பார்ப்போம்.