படத்துக்குப் பிள்ளையோட முகம் தெரியாது

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணியிலயும் இருக்கிற பேச்சாளர்களுக்கும், பிள்ளைங்கள மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற அம்மா அப்பாமாருக்கும் வணக்கம். சட்டுனு பயந்துபோற சின்னப் பிள்ளைகளுக்கு ஏத்தது மென்மையான படமா, பயத்தையும் பழக்கிவிடுற படமாங்கறது இன்னைக்குத் தலைப்பு. மென்மையான படம்தான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் நல்லாவே பேசினாரு. பொத்திப் பொத்தி வளத்தா நாளைக்கு ஒரு சின்ன அடியக்கூட அது தாங்காது, நாமெல்லாம் பாட்டி சொன்ன பேய்க்கதை கேட்டு வளந்தவங்கதானே, நமக்கென்ன ஆயிப்போச்சுன்னு கேட்டாரு, நீங்களும் கைதட்டினீங்க. அந்தப் பேய்க்கதையில இருந்தே நான் ஆரம்பிக்கிறேன் ஐயா.

பாட்டி கதை சொல்றப்ப எதைப் பாத்துக்கிட்டு சொல்லுவாங்க? பேரப்பிள்ளை முகத்தை. கண்ணு விரியுது, உதடு பிதுங்குது, சேலைய இறுக்கிப் பிடிக்குதுன்னு தெரிஞ்ச உடனே அந்தப் பேய்க்கு காலு நொண்டிப் போயிரும், பல்லு கொட்டிப்போயிரும், இல்லைன்னா எங்கிருந்தோ ஒரு ராஜா குதிரையில வந்து எறங்கிருவாரு, பிள்ளை சிரிச்சிரும். கதை அங்கேயே, அந்த நிமிஷத்துலயே மாறிடுச்சு. படம் அப்படி மாறுமா? எதிர்ல நாலு வயசு உக்காந்திருக்கா நாப்பது வயசு உக்காந்திருக்கான்னு அதுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும், அதே சத்தம், அதே முகம், அதே இருட்டு. அதனால பாட்டி பாத்த அந்த முகத்தை வேற யாராவது பாத்தாகணும். படம் போட்டுவிடுற நாமதான் பாக்கணும். என் கட்சி மொத்தமும் இதுதாங்க.

என் பொண்ணு கதைய சொல்றேன். அவளுக்கு அப்ப நாலு வயசு. கார்ட்டூன் படம்தானே, எல்லாப் பிள்ளைங்களும் பாக்குதேன்னு போட்டுவிட்டுட்டு நான் வேலையப் பாக்கப் போயிட்டேன். ஆரம்பிச்ச பத்து நிமிஷத்துலயே அதுல வர்ற குட்டியோட அம்மா செத்துப்போறா. இவ அழல, கத்தல, ஒண்ணுமே சொல்லல, அப்படியே பாத்துக்கிட்டு இருந்திருக்கா, நானும் சமத்தா பாக்குறான்னு நெனச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி லைட்டை அணைச்சதும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா நீ எங்கயும் போயிட மாட்டல்ல?"ன்னா. மறுநாளும் அதே கேள்வி. மூணு வாரம் நான் பாத்ரூம் போனாக்கூட கதவுக்கு வெளியில வந்து உக்காந்துக்குவா. படம் ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிருச்சு, எங்க வீட்டுல அது மூணு வாரம் ஓடுச்சு. அமைதியா பாக்குற பிள்ளை பயப்படலன்னு அர்த்தம் இல்லைங்கறத அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன், இங்க இருக்கிற பெத்தவங்க இந்த ஒண்ண மட்டுமாவது மனசுல வச்சுக்கங்க.

"இது வெறும் படம்தாண்டா, நெசம் இல்லடா"ன்னு சொன்னா சரியாப்போயிரும்னு எதிரணி அம்மா ஒருத்தங்க சொன்னாங்க. பெரிய பிள்ளைக்கு அது சரி. சின்னதுக்கு வேலைக்கு ஆகாதுங்க. ஜோஆன் கேன்டர்னு அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர், பிள்ளைங்களும் டிவி சினிமா பயமும்னு பல வருஷம் ஆராய்ச்சி பண்ணினவங்க. அவங்க கண்டுபிடிச்சதுல முக்கியமானது, ஏழு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க பெரும்பாலும் உருவத்தைப் பாத்து பயப்படும், பெரிய பிள்ளைங்க இது நமக்கும் நடந்துருமோன்னு யோசிச்சு பயப்படும். 1983-ல அமெரிக்க டிவியில அணுகுண்டுப் போரைப் பத்தி ஒரு படம் போட்டாங்க, நாடே கலங்கிப்போச்சு. அதைப் பாத்ததுல ரொம்ப சின்னப் பிள்ளைங்கதான் கம்மியா பயந்திருக்குங்க, பெரிய பிள்ளைங்கதான் ரொம்ப ஆடிப்போச்சுங்க. ஆனா அதே மாதிரி சின்ன வயசுப் பிள்ளைங்க, நல்ல மனுஷன் ஒருத்தன் கோவம் வந்து பச்சை ராட்சசனா மாறுற டிவி தொடர் ஓடுன காலத்துல அதைப் பாத்து நடுங்கியிருக்குங்க. அவன் நல்லவன், நல்லதுதான் செய்யறான்னு நமக்குத் தெரியும், அதுக்கு அந்த முகம் மாறுறதுதான் தெரியும். நாம சொல்ற விளக்கத்தைவிட ஒரு போர்வையோ பொம்மையோ நம்ம மடியோதான் அந்த வயசுக்குக் கை குடுக்கும்.

நமக்கென்ன ஆயிப்போச்சுன்னு அண்ணன் கேட்டாரே, அதுக்கும் அதே கேன்டரும் இன்னொருத்தரும் சேந்து 1999-ல வெளியிட்ட ஆய்வுல பதில் இருக்கு. சுமார் 150 காலேஜ் மாணவர்கள்கிட்ட, சின்ன வயசுல ஏதாவது படமோ டிவியோ பாத்து பயந்து அந்தப் பயம் அப்புறமும் தொடர்ந்ததா நினைவிருக்கான்னு கேட்டாங்க. பத்துல ஒம்பது பேரு ஆமான்னாங்க. நாலுல ஒருத்தருக்கு அந்தப் பயத்துல கொஞ்சம் அப்பவும் மிச்சம் இருந்திருக்கு. வளந்து ஆளாகி காலேஜுக்கு வந்த பிறகும்! அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நம்ம பெரியவங்க சும்மா சொல்லல. முதல்ல அரள வச்சது எதுன்னு கொஞ்சம் பாக்கணும்ல.

சர்டிபிகேட்டைப் பாத்து எடுத்தா போதாதான்னு நீங்க நெனைக்கலாம். பாருங்க, வேண்டாம்னு சொல்லல. இந்தியாவுல 2023-ல சட்டத்தைத் திருத்தி யு/ஏ-வையே 7, 13, 16-னு மூணு வயசாப் பிரிச்சாங்க, நல்ல விஷயம். ஆனா சர்டிபிகேட் என்ன பாக்குது? ரத்தம், கெட்ட வார்த்தை, அடிதடி, ஆபாசம், பயமுறுத்துற காட்சியும் பாக்குது, சரி. உங்க பிள்ளைக்கு இடி சத்தம் ஆகாதுன்னோ, நாய்க்குட்டி தொலைஞ்சுபோனா அது ரெண்டு நாள் சாப்பிடாதுன்னோ அதுக்கு எப்படித் தெரியும்? பிரிட்டன் தணிக்கை வாரியம் இதை ஒளிக்காமலே சொல்லுது, யு படம் நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் ஏத்ததா இருக்கணும், ஆனாலும் ஒரு குறிப்பிட்ட பிள்ளைய எது கலங்கடிக்கும்னு முன்கூட்டி கணிக்க முடியாதுன்னு. அவங்களே முடியாதுங்கறாங்க, அப்ப அந்தக் கணிப்பை யாரு செய்யணும்?

அடுத்தது இந்த "கார்ட்டூன்தானே"ங்கற வார்த்தை. என் வாயிலயும் வந்த வார்த்தை, அதான் கொஞ்சம் நின்னு பேசுறேன். 2014-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 1937-ல இருந்து 2013 வரைக்கும் நல்லா ஓடுன 45 குழந்தைகள் அனிமேஷன் படங்களை எடுத்து, பெரியவங்க பாக்குற டிராமா படங்களோட ஒப்பிட்டாங்க. முக்கியமான பாத்திரம் சாகுற வாய்ப்பு கார்ட்டூன்லதான் ரெண்டரை மடங்கு அதிகம். யோசிச்சுப் பாருங்க, 1942-ல வந்த மான்குட்டி படம் 'பாம்பி', அதுல தாய் மான் சாகும். 2003-ல வந்த மீன்குஞ்சு படம் 'ஃபைண்டிங் நீமோ', அதுல ஆரம்பத்துலயே தாய் மீனும் முட்டைங்களும் போயிரும். நல்ல படங்கள்தான், நான் குறை சொல்லல, ஆறாவது ஏழாவது படிக்கிற பிள்ளை அழுதுட்டுத் தேறிக்கும். நாலு வயசு எங்கிருந்து தேறும்?

இன்னொரு உதாரணம் சொல்றேன், எனக்கு இதை நெனச்சா ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமா இருக்கும். ஜப்பான்ல 1988 ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரே கம்பெனி ரெண்டு கார்ட்டூன் படத்தை ஒரே டிக்கெட்டுல சேத்து வெளியிட்டுச்சு. ரெண்டுலயும் சின்னப் பிள்ளைங்கதான் கதை. ஒண்ணு 'மை நெய்பர் டோடோரோ', இன்னொண்ணு போர்ல பெத்தவங்க இல்லாமப் போன அண்ணனும் தங்கச்சியும் பட்டினியில வாடிச் சாகுற 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. வரைஞ்ச படம்ங்கறத வச்சு மட்டும் எடுத்தா ரெண்டும் ஒண்ணுதானே?

அந்த டோடோரோவைத்தான் நான் மென்மையான படத்துக்கு அளவுகோலா வச்சிருக்கேன். மென்மைன்னா சோகமே இருக்கக்கூடாதுன்னு நாங்க சொல்றதா எதிரணி நெனைக்கிறாங்க. இல்லைங்க. அந்தப் படத்துல அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. கடைசியில தங்கச்சி காணாமலும் போயிருவா. கவலை இருக்கு, அழுகை இருக்கு. வில்லன் கிடையாது. பயம் வர்ற இடத்துல கூடவே பெரிய பஞ்சுப்பொதி மாதிரி டோடோரோங்கற காட்டு ஜீவனும் துணைக்கு இருக்கு, மழை பெய்யிறதைப் பாத்துக்கிட்டு பஸ்ஸுக்குக் காத்து நிக்கிறதுக்கெல்லாம் அவ்வளவு நேரம் குடுக்குறாங்க, பிள்ளை மூச்சு விட்டுக்க நேரம் இருக்கு. ஆனாலும் ஒண்ணு, அம்மாவுக்கு நெஜமாவே உடம்பு சரியில்லாம இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதுவும் இப்ப வேண்டாம்னுதான் சொல்லுவேன். பிள்ளைய வச்சுத்தான் படம்.

நான் எப்படி எடுக்குறேன்னு கேட்டா, முதல்ல நான் தனியா பாத்துருவேன், முழுசா முடியலன்னா ஆரம்பம் இருபது நிமிஷமும் கடைசி இருபது நிமிஷமுமாவது, ஏன்னா சாவு பெரும்பாலும் முன்னாடி வரும், துரத்தல் பெரும்பாலும் கடைசியில வரும். அப்புறம் கதைய முடிவோட சேத்து பிள்ளைகிட்ட சொல்லிருவேன். முடிவு தெரிஞ்சா சுவாரஸ்யம் போயிரும்ங்கறது நம்ம கவலை, சின்னப் பிள்ளை பாத்த படத்தையே முப்பது தடவை பாக்குறதே அடுத்து என்ன வரும்னு தெரியிற சந்தோஷத்துக்குத்தான்னு நான் நெனைக்கிறேன். பகல்ல பாக்கணும், தூங்குறதுக்கு முன்னாடி வேண்டாம், வால்யூம் கம்மியா இருக்கணும், பாதிப் பயம் மியூசிக்லதான் இருக்கு, ஒருவாட்டி ம்யூட் பண்ணிப் பாருங்க தெரியும். தியேட்டர் மெதுவா வரட்டும். அங்க நிறுத்த முடியாது, சத்தத்தைக் குறைக்க முடியாது, நம்ம படத்துக்கு முன்னாடி வேற படத்து ட்ரெய்லர் எது வரும்னும் சொல்ல முடியாது.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரே ஒரு நிமிஷம். தைரியம் எப்ப வரும்னு அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமப் போக மாட்டேன். என் பொண்ணுக்கு இப்ப ஒம்பது வயசு. போன மாசம் அவளே வந்து, நாலு வயசுல பாத்த அந்தப் படத்தைப் போடும்மான்னா. ரிமோட்டை அவ கையிலயே குடுத்தேன். அந்த இடம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தினா. எழுந்து போயி தண்ணி குடிச்சா. திரும்பி வந்து என் பக்கத்துல ஒட்டி உக்காந்து, "சரி, இப்ப"ன்னு அவளே பட்டனை அமுக்கினா. நான் டிவியப் பாக்கல ஐயா, அவ முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அழுதா. நிறுத்தாமப் பாத்தா.