என் வாக்கு ஜாக் ஸ்டீனுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

கால்பந்து பார்க்கிற நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், எப்படியும் பேச்சு ஒரு கட்டத்தில் இங்கே வந்து நிற்கும்: இதுவரை வந்த பயிற்சியாளர்களில் யார் பெரியவர்? ஒருவர் அலெக்ஸ் ஃபெர்குசன் என்பார். மான்செஸ்டர் யுனைடெட்டில் 26 ஆண்டுகள், 13 பிரீமியர் லீக் பட்டங்கள். இன்னொருவர் குவார்டியோலா என்பார். கார்லோ அன்செலோட்டியின் ரசிகராக இருந்தால், பயிற்சியாளராக அவர் வென்ற ஐந்து சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளைச் சொல்லி மற்றவர் வாயை அடைக்கப் பார்ப்பார். கொஞ்சம் வயதானவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் ரைனஸ் மிகெல்ஸ் பெயர் வரும். 1999-இல் ஃபிஃபா அவரைத்தான் நூற்றாண்டின் சிறந்த பயிற்சியாளர் என்று அறிவித்தது.

எல்லாருமே பெரியவர்கள்தான். ஆனால் இந்த வாதம் பெரும்பாலும் கோப்பைகளை எண்ணுவதிலேயே முடிந்துபோகிறது. கோப்பைக் கணக்கில் கிளப்பின் பணமும் கலந்திருக்கிறது. உலகின் நல்ல ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கித் தந்த முதலாளிகளும் கலந்திருக்கிறார்கள். பயிற்சியாளர் செய்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால், அவர் கையில் கிடைத்த ஆட்கள் யார், அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் எனக்கு முதலில் வருகிற பெயர் ஸ்காட்லாந்துக்காரரான ஜாக் ஸ்டீன்.

ஸ்டீன் 1922-இல் பிறந்தவர். கிளாஸ்கோ நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள லனார்க்‌ஷயர் நிலக்கரிப் பகுதி அவருடைய ஊர். பள்ளியை விட்டதும் வேலை, பிறகு சுரங்கம். வாரம் முழுக்க பூமிக்கடியில் உழைத்துவிட்டு, சனிக்கிழமை ஆல்பியன் ரோவர்ஸ் என்ற சின்ன கிளப்புக்கு ஆடியவர். 27 வயது வரை இதுதான் வாழ்க்கை. மான்செஸ்டர் யுனைடெட்டைக் கட்டியெழுப்பிய மாட் பஸ்பியும், லிவர்பூலைத் தூக்கி நிறுத்திய பில் ஷாங்க்லியும் இதே ஸ்காட்லாந்துச் சுரங்க ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான். உன் பக்கத்தில் நிற்பவன் மீது உன் உயிரே இருக்கிறது என்பதைச் சுரங்கத்தில் கற்றவர்கள். மூவரும் அணியை நடத்திய விதத்தில் அந்தப் பாடம் இருந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆட்டக்காரராக ஸ்டீன் பெரிய மேதை என்று சொல்ல முடியாது. கிளாஸ்கோவின் செல்டிக் அணித் தலைவராக 1954-இல் லீக்கும் கோப்பையும் வென்றார். அப்புறம் கணுக்காலில் அடிபட்டு ஆட்டம் நின்றது. 1960-இல் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும் நிலையில் இருந்த டன்ஃபெர்ம்லின் அணியை எடுத்தார். மறு ஆண்டே ஸ்காட்டிஷ் கப். இறுதியாட்டத்தில் தோற்ற அணி எது தெரியுமா? அவருடைய பழைய செல்டிக்.

1965 மார்ச்சில் அந்தச் செல்டிக்கே அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. கத்தோலிக்க அயர்லாந்துக் குடியேறிகளின் கிளப் அது. அதன் பொறுப்புக்கு வந்த முதல் புராட்டஸ்டண்ட் ஸ்டீன். கிளாஸ்கோவில் மதமும் கால்பந்தும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அவர் வந்தபோது செல்டிக் லீக் பட்டம் வென்று பதினோரு வருடம் ஆகியிருந்தது. 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை வென்றது.

நான் சொல்ல வந்தது அதைப் பற்றியல்ல. 1967 மே 25, லிஸ்பன் நகரம், ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதியாட்டம். எதிரே இத்தாலியின் இன்டர் மிலான். அதன் பயிற்சியாளர் எலெனியோ எரேரா, 1964, 1965 இரண்டு ஆண்டும் இந்தக் கோப்பையைக் கொண்டுபோனவர். ‘கட்டெனாச்சியோ’ என்ற பூட்டுப் போட்ட தடுப்பாட்டத்துக்குப் பேர்போனவர். ஒவ்வொரு எதிராளிக்கும் ஒரு காவல். எல்லாருக்கும் பின்னால் இன்னொருவர். ஒரு கோல் அடித்துவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

இந்த எரேராவின் பயிற்சியைப் பார்க்கத்தான் 1963-இல் ஸ்டீன் மிலானுக்குப் போயிருந்தார். டன்ஃபெர்ம்லின் என்ற சின்ன ஊரின் பயிற்சியாளராக மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர், நான்கு வருடம் கழித்து அதே மனிதருக்கு எதிரே அணியோடு வந்து நின்றார்.

என்ன அணி? பதினொரு பேரும் செல்டிக் மைதானத்தைச் சுற்றி சுமார் 30 மைலுக்குள் பிறந்தவர்கள். அவர்களில் ஸ்டீன் வந்தபின் விலைக்கு வாங்கியது வில்லி வாலஸ் ஒருவரைத்தான். மற்ற பத்துப் பேரும் அவருக்கு முன்பே அங்கே இருந்து, பெரிதாக எதுவும் வெல்லாமல் இருந்தவர்கள். முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பாபி முர்டாக்கை ஸ்டீன் பின்னுக்கு இழுத்து நடுக்களத்தில் வைத்தார். இடது ஓரத்து விங்கரான பெர்ட்டி ஆல்டையும் நடுவுக்குக் கொண்டுவந்தார். ஆட்டத்தின் தாளத்தை நிர்ணயித்தவர்கள் இந்த இருவர்தான். கோல்கீப்பர் ரானி சிம்சனுக்கு வயது 36. இடையில் ஹிபர்னியன் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தபோது, அங்கே ஆடிய இவர் தேறமாட்டார் என்று விற்றுவிட்டவர் இதே ஸ்டீன். செல்டிக்கில் மறுபடி சந்தித்ததும், பழைய முடிவையே பிடித்துக்கொண்டிராமல் அவரைக் கம்பத்தடியில் நிறுத்தினார்.

அந்தச் சிம்சனின் தொப்பி லிஸ்பனில் கோல் வலைக்குள் கிடந்தது. அதில் என்ன இருந்தது என்றால், சக ஆட்டக்காரர்களின் பொய்ப்பற்கள். வென்றால் படம் எடுப்பார்களே, அப்போது மாட்டிக்கொள்ள வேண்டுமல்லவா! எதிரணியில் வரிசையாக நின்றவர்கள் ஐரோப்பாவின் நட்சத்திரங்கள்.

ஏழாவது நிமிடத்தில் இன்டருக்கு பெனால்டி. மட்சோலா அடித்தார், கோல். எரேராவின் கதவு சாத்தப்பட்டது. அதன் பிறகு நடந்ததைத்தான் நான் ஸ்டீனின் மேதைமை என்கிறேன். சின்ன உருவம் கொண்ட ஜிம்மி ஜான்ஸ்டன் தன் ஓரத்தை விட்டு உள்ளே உள்ளே நகர்ந்தார். காவலுக்கு இருந்த புர்க்னிச்சும் கூடவே வந்தார். ஓரம் காலியானது. அந்தக் காலி இடத்தில் செல்டிக்கின் இரு ஃபுல்பேக்குகள், அதாவது ஓரத்துத் தடுப்பாளர்கள், ஓடி ஏறினார்கள். பந்தைக் கோல் முன்னால் இருந்த கூட்டத்துக்குள் தூக்கிப் போடாமல், பெனால்டி பெட்டியின் விளிம்புக்குத் திருப்பி இழுத்துக் கொடுத்தார்கள். ஆளைப் பார்த்துக் காவல் காக்கிறவர்களால், பின்னாலிருந்து ஓடி வருகிறவனைக் கணக்கில் வைக்க முடியவில்லை.

63-ஆவது நிமிடம். வலது ஃபுல்பேக் கிரெய்க் கொடுத்தார், இடது ஃபுல்பேக் கெம்மெல் ஓடி வந்து ஓங்கி அடித்தார். ஒரு தடுப்பாளர் கொடுத்து இன்னொரு தடுப்பாளர் அடித்த கோல்! 84-ஆவது நிமிடத்தில் முர்டாக் அடித்த பந்தைச் சால்மர்ஸ் திருப்பிவிட்டார். தற்செயலாகப் பட்டது என்று பலர் நினைத்தார்கள். பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகியதுதான் என்று சால்மர்ஸ் பின்னாளில் சொன்னார். இரண்டுக்கு ஒன்று. கோல்கீப்பர் சார்த்தி மட்டும் அத்தனை பந்துகளைத் தடுக்காமல் இருந்திருந்தால் இன்டர் இன்னும் மோசமாகத் தோற்றிருக்கும். ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி செல்டிக். அந்தப் பருவத்தில் ஆடிய ஐந்து போட்டித் தொடர்களிலும் கோப்பை அவர்களுக்கே. உடை மாற்றும் அறைக்குள் வந்த ஷாங்க்லி, ஸ்டீனை அவருடைய இயற்பெயரால் அழைத்து, “ஜான், இனி உனக்கு மரணமில்லை” என்றார்.

ஆட்களைப் படிப்பதிலும் ஸ்டீன் அப்படித்தான். ஜான்ஸ்டனுக்கு விமானம் என்றால் உயிர்போகிற பயம். 1968-இல் பெல்கிரேடின் ரெட் ஸ்டாருடன் கிளாஸ்கோவில் ஆட்டம். இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால், அடுத்த ஆட்டத்துக்கு நீ பெல்கிரேடுக்கு வரவேண்டாம் என்று ஸ்டீன் அவரிடம் சொன்னார். ஆட்டம் ஐந்துக்கு ஒன்று என்று முடிந்தது. இரண்டாம் பாதியில் ஜான்ஸ்டன் மட்டும் இரண்டு கோல் அடித்தார். வாக்குக் கொடுத்தபடி அவர் ஊரிலேயே இருந்துகொண்டார். மிரட்டி ஆட வைக்கவும் ஸ்டீனுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பையனுக்கு எது வேண்டும் என்பதும் தெரியும்.

ஸ்காட்லாந்து லீக் பலவீனமானது, அதில் ஒன்பது முறை வெல்வது பெரிதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1970 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியைப் பாருங்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் அணியை அவர்கள் ஊரிலும் வென்றார்கள், கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் 136,505 பேர் முன்னாலும் வென்றார்கள். ஆனால் இறுதியில் எர்ன்ஸ்ட் ஹாப்பல் பயிற்றுவித்த நெதர்லாந்தின் ஃபெயனூர்டிடம் தோற்றார்கள். அன்று எதிரணியைக் குறைத்து மதிப்பிட்டது ஸ்டீனின் தவறுதான், அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு சாட்சி ஃபெர்குசன். 1983-இல் அபர்டீன் அணியோடு கோதன்பர்க்கில் ஓர் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் ரியல் மாட்ரிட்டைச் சந்தித்தபோது ஸ்டீனும் கூட வந்திருந்தார். எதிரணிப் பயிற்சியாளர் டி ஸ்டெஃபானோவுக்கு ஒரு நல்ல விஸ்கி பாட்டில் கொடு, உன்னைப் போன்றவரோடு மோதுவதே எங்களுக்குப் பெருமை என்று காட்டு, அவர்கள் அசந்துபோகட்டும் என்பது ஸ்டீன் சொன்ன யோசனை. அபர்டீன் இரண்டுக்கு ஒன்று என வென்றது. பின்னர் ஸ்காட்லாந்து தேசிய அணியில் ஸ்டீனுக்கு உதவியாளராகவும் ஃபெர்குசன் இருந்தார். 1985 செப்டம்பர் 10, கார்டிஃபில் வேல்ஸுடன் ஆட்டம் முடியும் தறுவாயில் ஸ்டீன் சரிந்து விழுந்து இறந்தபோதும் ஃபெர்குசன் அங்கேதான் இருந்தார். 1986 உலகக் கோப்பைக்கு அணியை அழைத்துப் போனதும் அவரே.

ஆகவே உங்கள் ஓட்டு ஃபெர்குசனுக்கு என்றால் எனக்குச் சண்டையில்லை. அவர் கற்ற இடத்துக்கு நான் என் ஓட்டைப் போடுகிறேன், அவ்வளவுதான். குவார்டியோலாவுக்கு என்றால் கொஞ்சம் வாதாடுவேன். அவருடைய ஆட்டத்தின் அழகை யாரும் மறுக்க முடியாது. ஆனால் முப்பது மைலுக்குள் பிறந்த பதினொரு பேரைக் கொடுத்து, வாங்குவதற்குப் பெரிதாகப் பணமில்லை என்று சொன்னால் ஐரோப்பாவை வெல்வாரா என்று கேட்பேன். ஸ்டீன் வென்று காட்டியிருக்கிறார். லிஸ்பன் ஆட்டத்தின் பழைய கறுப்பு வெள்ளைப் பதிவு இன்றும் கிடைக்கிறது. கெம்மெலின் கோலிலிருந்து கடைசி விசில் வரையாவது பாருங்கள், பார்த்துவிட்டு உங்கள் வாக்கைச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.