மெண்டோசாவின் கால்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் குத்துச்சண்டை சொல்லித் தருகிறவன். புதிதாக வரும் பையன்களுக்கு எடுத்த எடுப்பில் குத்தச் சொல்லித் தர மாட்டேன். முன்கால் எங்கே, பின்கால் எங்கே, எப்படி விலகுவது, எப்படித் திரும்பி உள்ளே வருவது, இதுதான் முதல் பாடம். இந்தப் பாடத்துக்காக நாங்கள் நன்றி சொல்ல வேண்டிய ஒருவர் டேனியல் மெண்டோசா. 1764-இல் லண்டனில் பிறந்த யூதர்.

உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை 72 கிலோ சொச்சம். இன்றைய கணக்கில் மிடில்வெயிட், அதாவது நடுத்தர எடைப்பிரிவு. ஆனால் அன்று எடைப்பிரிவே கிடையாது. யானை கனமுள்ளவனோடும் மோதியாக வேண்டும். அதனால்தான் ஹெவிவெயிட், அதாவது கனத்த எடைப்பிரிவுச் சாம்பியன்கள் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது. கையுறை இல்லை, வெறும் முஷ்டி. ஒருவர் கீழே விழுந்தால் ஒரு ரவுண்டு முடிந்தது. அரை நிமிடத்துக்குள் எழுந்து வர வேண்டும். பலரும் நின்ற இடத்திலேயே நின்று அடித்துக்கொண்ட காலத்தில், மெண்டோசா பக்கவாட்டில் நகர்ந்தார், கைகளால் தடுத்தார். இது கோழைத்தனம் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

பதினாறு வயதில் ஒரு தேயிலைக் கடையில் வேலை. கடைக்காரரிடம் தகராறு செய்த சுமைகூலி ஒருவனோடு தெருவிலேயே சண்டை. அந்த வழியாக வந்த ரிச்சர்ட் ஹம்ப்ரிஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் பையனுக்குத் துணை நின்றார். பின்னாளில் அதே ஹம்ப்ரிஸ்தான் பரம எதிரி.

1788 ஜனவரியில் ஓடியம் என்ற ஊரில் இருவரும் மோதினார்கள். மழையில் மேடை வழுக்கியது. ஹம்ப்ரிஸ் காலணியைக் கழற்றிவிட்டு, பிடிப்புக்காகக் கம்பளிக் காலுறை மாட்டிக்கொண்டார். மெண்டோசா வழுக்கி விழுந்து, அடிபட்டுத் தோற்றார். "அந்த யூதனை முடித்துவிட்டேன், நான் நலம்" என்று ஹம்ப்ரிஸ் தன் புரவலருக்குச் சேதி அனுப்பினார். பெயர்கூடச் சொல்லவில்லை பாருங்கள். 1789-இல் ஸ்டில்டனிலும் 1790-இல் டான்காஸ்டரிலும் மெண்டோசா அதற்குப் பதில் சொன்னார். இரண்டிலும் வெற்றி.

அவர் நடத்திய பயிற்சிப் பள்ளியைப் பற்றி அக்காலத்து லண்டன்காரர் ஃபிரான்சிஸ் பிளேஸ் எழுதியிருக்கிறார். யூத இளைஞர்கள் குத்துச்சண்டை கற்றுக்கொண்ட பிறகு, தெருவில் ஒரு யூதரை அவமதித்துவிட்டுச் சும்மா போய்விட முடியவில்லையாம். எனக்கு இது எந்தப் பட்டத்தையும்விடப் பெரிது.

1792-இல் பில் வாரை வென்று இங்கிலாந்தின் சாம்பியன் ஆனார். அப்புறம் 1795 ஏப்ரல், ஹார்ன்சர்ச் என்ற ஊர். எதிரே ஜான் ஜாக்சன், நாலு அங்குலம் உயரம் கூட, வயதும் குறைவு. மெண்டோசாவுக்கு நீண்ட தலைமுடி. ஐந்தாவது ரவுண்டில் ஜாக்சன் ஒரு கையால் அந்த முடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்தினார். இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்றுதான் விதி இருந்தது. முடியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒன்பதாவது ரவுண்டில் மெண்டோசா தோற்றார், சண்டை முடிந்துவிட்டது. விதிப்படி சரி என்று சொல்லலாம். என் மனம் இன்றுவரை ஒப்பவில்லை. தலையை ஒருவன் பிடித்துக்கொண்டால் கால் எப்படி நகரும்?

அதன் பிறகு மதுக்கடை நடத்தினார், கடனுக்காகச் சிறை போனார், ஊர் ஊராகச் சென்று வித்தையைக் காட்டினார். 1820-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும், பணத்துக்காக மறுபடி ஒருமுறை சண்டைக்கு இறங்கினார். எதிரி டாம் ஓவன். பன்னிரண்டு ரவுண்டு தாங்கித் தோற்றார். 1836-இல் வறுமையில் இறந்தார். நாளைக் காலையும் என் பையன்கள் வரிசையாக நின்று அவருடைய அடிகளைத்தான் வைப்பார்கள். வணக்கம்.