கட்டிக்கு முன்னே வந்த தடுமாற்றம்

அன்பு நேயர்களுக்கு என் வணக்கம்.

பூக்கட்டுகிற ஒரு அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் ஊர் பெயரைச் சொல்லவில்லை. சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். வயது 55. முப்பது வருஷமாகக் கோயில் வாசலில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் தொடுத்து விற்றவர். சில்லறை எண்ணிக்கொண்டே, பக்கத்துக் கடைக்காரியோடு பேசிக்கொண்டே, பூவைப் பார்க்காமலே கட்டுகிற கை அது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கை முடிச்சுப் போடும்போது பூவைத் தாண்டிப் போனது. "என்னம்மா, சரம் நெருக்கமாவே இல்லையே" என்று வழக்கமாக வாங்குகிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. மூன்றாவது வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், பேச்சும் குழறத் தொடங்கியது. குடித்திருக்கிறாரா என்று தெருவில் கேட்டவர்கள்கூட உண்டு. வாழ்நாளில் அதைத் தொட்டுப் பார்க்காத மனுஷி அவர்.

காதில் கோளாறு என்று மாத்திரை கொடுத்தார்கள், கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டார்கள், செய்வினை என்று தாயத்தும் கட்டினார்கள். ஆறாவது வாரம் சக்கர நாற்காலியில் என்னிடம் வந்தார். மகளின் பையில் கொஞ்சம் உதிரிப்பூவும் வாழைநாரும் இருந்தன. "கட்டுங்கம்மா, பார்க்கலாம்" என்று கொடுத்தேன். விரல் பூவை நெருங்க நெருங்க நடுக்கம் கூடியது. நார் பூவுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. கண்ணைப் பார்த்தேன், இரண்டு கருவிழிகளும் கீழ்நோக்கித் துள்ளிக்கொண்டிருந்தன. சிறுமூளை கெட்டிருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் கொண்டுவந்திருந்த எம்ஆர்ஐ படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

வயிற்றையும் மார்பையும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "தலை சுத்துதுன்னு வந்தா வயித்துல என்ன சார் தேடறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. இன்றைய என் பேச்சு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் எல்லாப் புரதங்களுக்குமான குறிப்பும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உறுப்பும் தனக்கு வேண்டியதை மட்டுமே தயாரிக்கும். புற்றுநோய் வந்த செல்லில் இந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. சினைப்பையில் வந்த கட்டி, நரம்பு செல்லுக்கு உரிய ஒரு புரதத்தைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. மூளை தன் புரதங்களை ரத்தத்தின் கண்ணில் படாமல் பெரும்பாலும் உள்ளேயே வைத்திருப்பதால், நோய் எதிர்ப்புப் படைக்கு அது பழக்கமில்லாத முகம். அந்நியன் என்று எண்ணிப் படை திரள்கிறது. கட்டியைத் தாக்குகிறது. அதோடு நிற்காமல், அதே புரதத்தைத் தேடி மூளைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. புற்றுநோய் மூளைக்குப் பரவி வருகிற தொல்லை அல்ல இது. மூளையில் ஒரு புற்றுச் செல்கூட இருக்காது. உடம்பைக் காக்க வந்த படையே செய்கிற சேதம்.

இதில் இரண்டு விஷயங்களை நீங்கள் கவனிக்க வேண்டும். படை கட்டியையும் தாக்குவதால் கட்டி பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். அதனால் பல நோயாளிகளுக்கு நரம்புத் தொல்லைதான் முதலில் வருகிறது, புற்றுநோய் பின்னால்தான் தெரிகிறது. இந்தப் படை தயாரித்து ரத்தத்தில் விடுகிற ஆயுதப் புரதத்துக்கு ஆன்டிபாடி என்று பெயர். எந்த ஆன்டிபாடி என்பதைப் பொறுத்து, முதல் ஸ்கேனில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் நாலு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருஷம் வரை திரும்பத் திரும்பத் தேடுகிறோம். "ஒருதடவை பார்த்தாச்சே சார்" என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும்.

அந்த அம்மாவின் ரத்தத்தில் யோ என்கிற ஆன்டிபாடி இருந்தது. சினைப்பை, மார்பகப் புற்றுநோயோடு சேர்ந்து வருவது இது. இந்தப் பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜெரோம் போஸ்னரும் அவர் குழுவினரும் இந்த ஆன்டிபாடிகளை 1980களில் கண்டெடுத்தபோது, அது முதலில் தெரியவந்த நோயாளியுடைய பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளையே வைத்தார்கள். ஹூ, யோ, ரி எல்லாம் அப்படி வந்தவைதான். முழுப்பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் யாரோ ஒரு நோயாளியின் இரண்டு எழுத்து இன்றைக்கும் உலகம் முழுவதும் ரத்தப் பரிசோதனைத் தாள்களில் அச்சாகிறது. அந்த எழுத்துகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

யோ நோயில் உண்மையான சேதத்தைச் செய்வது ஆன்டிபாடி அல்ல, எதிர்ப்புப் படையின் சிப்பாய்களான டி செல்கள் என்று கருதுகிறோம். ராபர்ட் டார்னெலின் குழு 1998இல் இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்திலேயே அந்தக் கொல்லும் செல்களைக் காட்டியது. அவை சிறுமூளையின் புர்கின்ஜி செல்களை அழிக்கின்றன. கை எவ்வளவு தூரம் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து சொல்கிற செல்கள் அவை. செத்தால் மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் இங்கே ஒவ்வொரு வாரமும் கணக்கு.

ஆனால் எல்லா ஆன்டிபாடியும் இப்படி இல்லை. நம்பிக்கை தருகிற பக்கமும் ஒன்று உண்டு.

அமெரிக்காவில் பிலடெல்பியாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் டால்மாவ், 2007இல் பன்னிரண்டு பெண்களைப் பற்றி எழுதினார். காய்ச்சல், தலைவலி என்று சாதாரணமாகத் தொடங்கும். சில நாளில் தூக்கம் போகும். சம்பந்தமில்லாமல் பேசுவார்கள், பயப்படுவார்கள், யாரோ கொல்ல வருகிறார்கள் என்பார்கள். அப்புறம் வலிப்பு, வாயை மெல்லுவது போன்ற ஓயாத அசைவு. பிறகு சிலைபோல் உறைந்துவிடுவார்கள். சிலருக்கு மூச்சே தடைபடும். பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களுடைய ஆன்டிபாடி, மூளையின் நினைவுக்கும் நடத்தைக்கும் அடிப்படையான என்எம்டிஏ ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. ஏற்பி என்றால் நரம்பு செல்லின் மேல் இருந்து சேதியை வாங்கிக்கொள்கிற புரதம். அந்தப் பன்னிரண்டு பேரில் பெரும்பாலோருக்குச் சினைப்பையில் டெரட்டோமா என்ற கட்டி இருந்தது. முடி, பல், தோல், நரம்புத் திசு என்று எல்லாம் கலந்து வளர்கிற கட்டி அது. பெரும்பாலும் புற்றுநோயே அல்ல. ஆனால் அதற்குள் இருக்கும் துளி நரம்புத் திசு போதும், படையைக் கிளப்பிவிட.

இங்கே ஆன்டிபாடி செல்லைக் கொல்வதில்லை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை உள்ளே இழுத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆன்டிபாடியை அகற்றினால் ஏற்பிகள் திரும்பி வரும். எதிர்ப்புப் படையை அடக்குகிற ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்று, ரிடுக்சிமாப் போன்ற சிகிச்சைகளோடு, கட்டி இருந்தால் அதை எடுப்பதும் சிகிச்சை. 2013இல் வெளியான 577 நோயாளிகளின் ஆய்வில், இரண்டு வருஷம் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். கட்டி இருந்தது 38 சதவீதம் பேருக்குத்தான். ஆகவே கட்டி இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நல்லபடியாகப் படித்துக்கொண்டிருந்த பெண் பத்தே நாளில் அடையாளம் தெரியாமல் மாறினால், கோயிலுக்குப் போங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதே நாளில் பெரிய மருத்துவமனைக்கும் போங்கள். மனநல மருத்துவரிடம் முதலில் போனாலும் தவறில்லை. இந்த நோயைச் சந்தேகித்து எங்களிடம் அனுப்பிவைக்கிறவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள். வாய் அசைவையும் வலிப்பையும் செல்போனில் படம்பிடித்துக் கொண்டுவாருங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

நுரையீரல் புற்றுநோயோடு வருகிற இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேயோ கிளினிக்கின் லாம்பர்ட், ஈட்டன் இருவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. தொடை வலுவிழக்கும், நாற்காலியிலிருந்து எழ முடியாது, வாய் காய்ந்துபோகும். கையைப் பிடித்து இறுக்கச் சொன்னால் முதலில் தளர்வாக இருக்கும், சில விநாடியில் பிடி இறுகும். முழங்காலைத் தட்டினால் துள்ளாத கால், பத்து விநாடி முழு மூச்சாக உதைக்கச் சொன்னபின் தட்டினால் துள்ளும். என் கையாலேயே அதை உணர்ந்திருக்கிறேன். இவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு, பெரும்பாலும் நெடுநாள் பீடி, சிகரெட் பிடித்தவர்களுக்கு, நுரையீரலில் சிறுசெல் புற்றுநோய் இருக்கும்.

இவையெல்லாம் அரிய நோய்கள். தலைசுற்றுகிற எல்லோருக்கும் புற்றுநோய் என்று யாரும் இன்றிரவு தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். வேகத்தைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். பக்கவாதம் நிமிஷத்தில் வரும். மூளைத் தேய்மானம் வருஷக்கணக்கில் ஏறும். இது நாட்களிலும் வாரங்களிலும் ஏறும். போன மாதம் கடைக்கு நடந்து போனவர் இந்த மாதம் நிற்க முடியவில்லை என்றால், படம் சுத்தமாக இருக்கிறது என்று ஆறுதல்பட்டுவிடாதீர்கள்.

புற்றுநோய்க்கு இப்போது எதிர்ப்புச் சக்தியின் கட்டை அவிழ்த்துவிடுகிற புது மருந்துகள் வந்திருக்கின்றன. 2018இல் ஆலிசனும் ஹோஞ்சோவும் நோபல் பெற்றது அந்த அறிவியலுக்காகத்தான். பலரின் உயிரைக் காத்த மருந்துகள். ஆனால் அவிழ்த்துவிட்ட படை சிலருக்கு நரம்பையும் தசையையும் தாக்கும். அந்த ஊசி போட்டுக்கொள்பவருக்கு இமை தொங்கினாலோ, விழுங்கச் சிரமமானாலோ, மூச்சு வாங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு வலது சினைப்பையில் சிறிய புற்றுக்கட்டி இருந்தது. அறுவை சிகிச்சை செய்தோம், கீமோவும் கொடுத்தோம். நாலு வருஷம் ஆகிறது, புற்றுநோய் திரும்பவில்லை. கை திரும்பி வரவில்லை. ஆறாவது வாரத்துக்குப் பதில் இரண்டாவது வாரத்தில் வந்திருந்தால் என்று நான் நினைக்காத நாளில்லை. மருமகன்தான் இப்போது தவறாமல் பரிசோதனைக்கு அழைத்து வருகிறார். அதே கோயில் வாசல், அதே பலகை. மகள் பூக்கட்டுகிறாள், அம்மா பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது நின்று பார்த்தேன். அம்மா ஏதோ குழறலாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. மகள் சிரித்துக்கொண்டே கடைசி முடிச்சை அவிழ்த்தாள். "இடைவெளி விட்டுட்டனாம் சார்" என்றாள்.

நன்றி. வணக்கம்.